ஏற்கெனவே எடுத்த எம்.ஆர்.ஐ. போதாதா?

அம்மாவுக்கு இரண்டு மாதமாகத் தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தி. மேலூரில் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் மதுரைக்குக் கூட்டி வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளைக்குள் நீர் நிற்கும் அறையில், இடப்பக்கம், எலுமிச்சை அளவில் கட்டி. என்ன கட்டி என்பதற்கு ரிப்போர்ட்டில் மூன்று பெயர், மூன்றுக்கும் கேள்விக்குறி.

மூளை அறுவை மருத்துவர் ஃபிலிமைப் பார்த்துவிட்டு, "3 டெஸ்லா மெஷின்ல பெர்ஃப்யூஷனும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் எடுத்துட்டு வாங்க" என்றார். டெஸ்லா என்பது மெஷினின் காந்த வலிமை. எனக்குச் சுருக்கென்றது. போன வாரம்தானே எடுத்தோம், மறுபடியுமா? கேட்டேவிட்டேன். முதல் ஸ்கேனில் கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. ஸ்பெக்ட்ராஸ்கோபியில் அதற்குள் என்ன இருக்கிறது என்றும், பெர்ஃப்யூஷனில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்றும் தெரியுமாம். அவர் சந்தேகப்பட்டது மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றிய உறையில் வளர்கிற கட்டி அது. நீர் அறைக்குள் வருவது நூற்றில் ஒன்றிரண்டுதான்.

ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் முதலில் கிரியாட்டினின் டெஸ்ட். அது சுலபம். உலோகம் எதையும் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்றதில் தாலிதான் பெரும்பாடு. "உங்கப்பா குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு, கழட்டச் சொல்றியேடா" என்று அம்மா அழுதாள். டெக்னீசியன் ஒன்றும் சொல்லாமல் டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு மஞ்சள் கயிறு. அப்பாவே கட்டிவிட்டார். மெட்டியைக் கழற்றச் சோப்புத் தண்ணீர்.

அசைந்தால் திரும்ப எடுக்க வேண்டும் என்றதில் அம்மா முக்கால் மணி நேரம் சிலையாகக் கிடந்தாள். வெளியே வந்து, "ரைஸ் மில்லுக்குள்ள தலையக் குடுத்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

ஸ்பெக்ட்ராஸ்கோபியில் வருவது ஈ.சி.ஜி. போல மேடும் பள்ளமுமான ஒரு கோடு. ஒவ்வொரு மேடும் ஒரு வேதிப்பொருள். நரம்பு செல் இருந்தால் என்.ஏ.ஏ. மேடு உயர்ந்து நிற்குமாம். அம்மாவின் கட்டியில் அது இல்லவே இல்லை. கோலின் மட்டும் கோபுரமாக எழுந்திருந்தது. கோட்டுக்குக் கீழே 1.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலனைன் என்று சின்னதாக ஒரு மேடு. மருத்துவர் அதைப் பேனாவால் வட்டமிட்டார். "மெனிஞ்சியோமா பக்கம்தான் சாயுது. ஆனா கட்டியை எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்சிதான் முடிவு." பெர்ஃப்யூஷனில் ரத்த ஓட்டம் அதிகம் என்று வந்திருந்ததால் ஆபரேஷனுக்குக் கூடுதலாக ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஃபிலிமோடு சிடியும் கேட்டு வாங்குங்கள். முதல் சென்டரில் அது இல்லாமல் வந்துவிட்டு, மறுபடி போய் அரை நாள் காத்துக் கிடந்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. பயாப்சியும் மெனிஞ்சியோமா என்றே வந்தது, ஆபத்துக் குறைந்த கிரேடு 1. மூன்று மாதம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. அதற்குள் அக்காவை அனுப்பி, அம்மன் சன்னதியில் மஞ்சள் கயிறு வாங்கி வைத்துவிட்டாள் அம்மா.