எந்தத் தம்ளரில்?

பள்ளியில் நமக்கு வரலாறு நடத்திய ஐயா காலமாகிவிட்டார் என்ற செய்தி சென்ற மாதம் நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்தது. நம் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை ஐயா இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

1969 அக்டோபர் 2, காந்தி நூற்றாண்டு விழா. வேப்பமரத்தடி மேடை, கொடிக்கம்பம், கடலை மிட்டாய்த் தட்டு. உங்களில் பலர் அன்று வரிசையில் நின்றிருப்பீர்கள். பத்தாம் வகுப்பின் சார்பில் பேசியவன் நான்.

1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது என் அப்பத்தா சிறுமி. கூட்டத்தில் யாரோ தோளில் தூக்கிக் காட்டினார்களாம். அன்றிரவே மழை கொட்டி ஊருணி நிறைந்தது என்று சாகும்வரை சொன்னார். எங்கள் சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் காந்தி படமும் இருந்தது, அதற்கும் விளக்கேற்றுவார். அதையெல்லாம் மேடையில் சொன்னேன். காந்தி மனிதரே அல்லர், அவதாரம் என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

ஐயா மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். என்னை இறங்கவிடவில்லை.

"உன் பக்கத்தில் உட்காருகிறானே, அவன் உங்கள் வீட்டுக்கு வந்தால் எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பீர்கள்?"

பதில் எனக்குத் தெரியும். அவன் எங்கள் வீட்டு முகப்பைத் தாண்டி வந்ததில்லை. அவனுக்கென்று ஒரு அலுமினியத் தம்ளர் கொல்லைப்புற மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்காரம்மா மேலிருந்து ஊற்றுவார். நான் வாய் திறக்கவில்லை. பள்ளி முழுவதும் என்னைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் அவமானம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தக் குனிந்த தலை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் மாலை ஐயா என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். 1934 ஜனவரி 15இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது தீண்டாமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, இது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் பதறிப்போனார். இயற்கையின் சீற்றத்துக்கு இயற்கையே காரணம். மக்களின் மனத்தைப் பயத்திலிருந்து விடுவித்தவரே பகுத்தறிவுக்கு ஒவ்வாததைச் சொல்லலாமா என்று எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, பக்கத்தில் தம் பதிலையும் போட்டார். தம் நம்பிக்கையை நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார், ஆனால் கைவிடவில்லை.

"யார் சொன்னது சரி ஐயா?" என்று கேட்டேன்.

"தாகூர்," என்றார், ஒரு கணமும் யோசிக்காமல். "பாவம் இங்கே நடந்தது, வீடு இடிந்தது பீகாரில். இது என்ன நியாயம்?"

இங்கே நடந்ததையும் சொன்னார். 1930இல் நம் பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் சட்டை போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் இது இல்லை.

பிறகு அவர் சொன்னதைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். "கடவுள் தண்டிப்பார் என்று நம்பிய அதே மனிதர் மார்ச் மாதம் பீகாருக்குப் போய் நிவாரண வேலை பார்த்தார். செட்டிநாட்டுக்கு வந்தபோது மழை பெய்விக்கவா செய்தார்? உங்கள் வீடுகளில் குவிந்திருந்த அந்நியச் சாமான்களைப் பார்த்து, பத்தில் ஒரு பங்கு செலவில் நான் அலங்கரித்துத் தருவேனே என்றார். தன்னால் முடிந்தது, அதே முயற்சி இருந்தால் எந்த ஆணாலும் பெண்ணாலும் முடியும் என்று எழுதியவர் அவர். அவரை நீ அவதாரம் என்று சொல்லிவிட்டால் உனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விடுகிறது, தம்பி."

கடைசியில், "அந்தப் பையனையும் சேர்த்து நிற்க வைத்துவிட்டேன். அது என் பிழை. அவனிடம் சொல்லிவிட்டேன்," என்றார். ஓர் ஆசிரியர் மாணவனிடம் பிழையை ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

காந்தியின் பக்தியை இன்றும் மதிக்கிறேன். நிலநடுக்க விஷயத்தில் அவர் தவறினார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஐயா எனக்குக் கொடுத்தது, இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ளும் தைரியம்.

ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பத்தாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மாடத்திலிருந்த தம்ளரை எடுக்கவில்லை. அதை எடுக்க ஒரு பதினைந்து வயதுப் பையனின் கை போதும். 1976இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறும் வரை அது அங்கேயே இருந்தது. இப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சரிசெய்ய நினைத்தாலும் அந்த முகப்பில் வந்து நிற்பவர் யாருமில்லை.

ஐயா காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னவன் அவன்தான். காரைக்குடியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். சுடுகாடு வரை போய்விட்டு வந்ததாகச் சொன்னான். பேச்சை முடிக்கும்போது, "ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்," என்றான்.

அவன் வீட்டுக்கு நான் இதுவரை போனதில்லை. தை மாதத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.