ஸ்னோகைட்டிங்குக்கு எந்த ஸ்னோபோர்டு?

ஸ்னோகைட்டிங் என்றால் பெரிய பட்டம் (கைட்) இழுக்கப் பனியில் சறுக்குவது. சரிவில் இறங்க வாங்கிய போர்டே கைட்டுக்கும் போதுமா என்றால், போதும், ஆனால் காற்றை எதிர்த்து முன்னேறும்போதுதான் அதன் குணம் தெரியும். கைட் நம்மைக் காற்று போகும் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும், அதைத் தாங்குவது போர்டின் ஒரே ஒரு விளிம்புதான். கேம்பர் போர்டைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்கும். நாம் ஏறி நின்றதும் எடை இரண்டு முனைகள் வரை பரவி, விளிம்பு முழுநீளத்துக்கும் பனியைக் கடிக்கிறது. காற்று அடித்து இறுகிய பனியில் இந்தப் பிடிமானம்தான் எல்லாம். ராக்கர் அப்படியே நேர்மாறு. முனைகள் தூக்கியிருப்பதால் புதுப்பனியில் மிதக்கும், திருப்புவது சுலபம், ஆனால் கடினப் பரப்பில் வழுக்கிக்கொண்டு காற்றோடு போய்விடும். என்னைக் கேட்டால் காலடியில் கேம்பர், முன்முனையில் கொஞ்சம் ராக்கர் உள்ள கலப்பு வகைதான்.

வடிவம்? இடமும் வலமுமாக மாறி மாறி ஓடுவதால், இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் ட்வின் வசதி. முன்முனையும் வாலும் வெவ்வேறாக இருக்கும் டைரக்‌ஷனல் போர்டு ஆழப்பனியில் அருமை, ஆனால் திசை மாற்றினால் வால் முன்னால் வந்துவிடும், இல்லையென்றால் கால்விரல் பக்க விளிம்பில் ஓட்ட வேண்டும், அது முதுகைப் பதம் பார்க்கும். அப்புறம் சைட்கட், அதாவது போர்டின் பக்க விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும் வளைவு. ஆழமாக இருந்தால் போர்டு தானாகவே திரும்பப் பார்க்கும். ஒரே விளிம்பில் வெகுதூரம் நேராகப் போகிற நமக்கு அது பெரிய தொல்லை, இதை யாரும் கடையில் சொல்வதில்லை.