ஆறு முடியும் இடமெல்லாம் எங்கள் வேன்

பிப்ரவரி 2, ஞாயிறு. முத்துப்பேட்டை

விடியற்காலை ஐந்து மணிக்கே மன்னார்குடியை விட்டுக் கிளம்பிவிட்டோம். வண்டி எங்கள் பழைய ஆம்னிதான். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆசாரியை வைத்துப் பலகைக் கட்டில் அடித்து, அதற்கடியில் கேஸ் அடுப்பு, இரண்டு கேன் தண்ணீர், ஒரு வாரத்துக்கு மளிகை எல்லாவற்றையும் அடக்கியாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை நானே தைத்தேன். சம்பா அறுவடை நேரம், ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள், அதனால் ஊர்ந்துதான் வந்தோம்.

எங்கள் ஊரில் ஓடும் பாமணியாறு எங்கே போய்ச் சேர்கிறது என்று இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஜாம்பவானோடையில் படகேறி கோரையாற்று வழியாகப் போனால் லகூன், அதாவது கடலையொட்டிய காயல், வந்துவிடுகிறது. காவிரியின் கடைக்கோடிக் கிளைகள் பலவும் அங்கேதான் கடலோடு கலக்கின்றன. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் குத்திட்டு நிற்கின்றன. இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகத் தள்ளிவிடுமாம். 2018 கஜா புயலில் இந்தக் காடு மொட்டையாகிப் போனதைப் படகுக்கார அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார், அந்த நவம்பரில் எங்கள் கொல்லைத் தென்னை எல்லாம் விழுந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரும்பும்போது சேற்றுக் கரையில் ஒரு நரி நண்டைத் தோண்டிக்கொண்டிருந்தது. படகைப் பார்த்தும் ஓடவில்லை.

பிப்ரவரி 3, திங்கள். வேதாரண்யம்

வெயில். உப்பளம், உப்பளம், இன்னும் உப்பளம். அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று உப்பள்ளிய இடத்து நினைவுத் தூணைப் பார்த்தோம். மதியம் வேனுக்குள் இருக்க முடியவில்லை, ஒரு புளியமரத்து நிழலில் பாய் விரித்துப் படுத்துவிட்டோம். ராத்திரி ரசமும் அப்பளமும்.

பிப்ரவரி 4, செவ்வாய். கோடியக்கரை

சரணாலயத்துக்குள் வண்டியில் தங்க அனுமதி கிடையாது, அதனால் ராத்திரி வெளியே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தியிருந்தோம். காலையில் வழிகாட்டித் தம்பி ஒருவர் வந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "பேசாம வந்தா பாக்கலாம்க்கா."

புல்வெளியில் முதலில் குதிரைகள்தான். எந்தக் காலத்திலோ மனிதர்கள் விட்டுப்போன குதிரைகளின் வம்சம், இப்போது காட்டிலேயே பிறந்து காட்டிலேயே சாகின்றன. வெளிமான் எங்கே என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போய் உட்கார்ந்தபோது, நான் காய்ந்த புதர் என்று நினைத்திருந்தது தலையைத் தூக்கியது. கலைமான், அதாவது ஆண் வெளிமான். முதுகு கருத்து, வயிறு வெள்ளையாக, கொம்பு முறுக்கிக்கொண்டு நீளமாக. "இரலை" என்று என் வீட்டுக்காரர் வாய்க்குள்ளேயே சொன்னார். தமிழ் வாத்தியார், முப்பது வருஷமாகச் சங்கப் பாட்டில் நடத்திய மானை இன்றுதான் நேரில் பார்க்கிறார். அது மோவாயை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து, பெட்டைகளைச் சுற்றி நடந்தது. பெட்டைகளுக்குக் கொம்பில்லை, நிறமும் வெளிர்ப் பழுப்பு. முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தோம். எழுந்து பார்த்தால் இவர் கண் கலங்கியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மான் திறந்த புல்வெளியில்தான் வாழும், தூரத்தில் ஆபத்தைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற சாதி. அந்த வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்துகொண்டே வருகிறது. 1967-லேயே சரணாலயம் ஆக்கிவிட்டார்கள், சரி, ஆனால் புல் இல்லாவிட்டால் வேலி போட்டு என்ன செய்ய?

சாயங்காலம் சதுப்பில் பூநாரைகள். தூரத்தில் உப்புக் குவியல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது, சட்டென்று எழும்பியதும் றெக்கைக்குள் இருந்த சிவப்பு பளீரென்றது. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு வடிகட்டித் தின்னும் பறவை. அந்தச் சிவப்பே தீனியிலிருந்து வருவதுதான்.

பிப்ரவரி 5, புதன்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் வேன் மணலில் புதைந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் வந்து பலகை கொடுத்துத் தள்ளிவிட்டார்கள், டீக்குக் காசு கொடுத்தும் வாங்கவில்லை.

அங்கேதான் அதைப் பார்த்தோம். செத்து ஒதுங்கிய பங்குனி ஆமை, ஓடு ஒரு முறம் அளவு. ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒரு பெரியவர் சொன்னார்: "நம்ம வலையில உசுரோட வந்தா அறுத்து விட்ருவோம் ஆத்தா. அது கரைக்கு வர்றது முட்டை வைக்கத்தானே." அவர்களே குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 6, வியாழன். தரங்கம்பாடி

டேனிஷ் கோட்டை, 1620-ல் கட்டியது. கூட்டம். சீக்கிரமே நகர்ந்துவிட்டோம்.

பிப்ரவரி 7, வெள்ளி. பூம்புகாருக்கு வடக்கே

காவிரி கடலில் சேரும் இடத்தை நேற்று சாயங்காலம் பார்த்தோம். குடகிலிருந்து வரும் அவ்வளவு பெரிய ஆறு, கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுதான் இருந்தது. வயல்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்த மிச்சம். திட்டும்படி ஒன்றுமில்லை, நாங்கள் சாப்பிடும் சோறும் அந்தத் தண்ணீர்தானே.

தூக்கம் வராமல் நாலரைக்கே டார்ச்சோடு நடக்கப் போனோம். டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம், அலையிலிருந்து மேலே ஏறி, கலைந்த மணலில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அலைக்கு. ஆமைத்தாய் வந்து போயிருக்கிறாள்! நாங்கள் போய்ச் சேரும்போதே இரண்டு நாய் மோந்துகொண்டு வந்துவிட்டது. இவர் வனத்துறைக்குப் போன் செய்து செய்து பார்க்க, நான் ஓலை மட்டையோடு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் நாய்கள் பத்தடி தள்ளிப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பி வந்து குச்சியால் குத்திப் பார்த்து, கையாலேயே தோண்டினார். பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள், 118. உருட்டிவிடாமல் ஒவ்வொன்றாகக் கூடையில் அடுக்கி, அந்தக் குழி மணலிலேயே ஒரு வாளி அள்ளிக்கொண்டார், பொரிப்பகத்தில் இதே ஆழத்தில் புதைப்பார்களாம். பொரிய 45 நாளிலிருந்து 60 நாள் வரை ஆகும் என்றார். இவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பங்குனி" என்றார்.

தம்பி நோட்டில் தேதி, இடம், எண்ணிக்கை எல்லாம் எழுதினார், அப்புறம் ஓரத்தில் எங்கள் நம்பரையும் எழுதிக்கொண்டார். "பொரிக்கிற அன்னிக்குக் கூப்பிடுறேன்க்கா, ராத்திரியா இருந்தாலும் வந்துடுவீங்களா?"

வேனில் கட்டிலைக் கழற்ற வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.