பேரிடர் மேலாண்மையில் முதுகலை: சேர நினைப்பவர்களுக்கு

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மை சேர்ந்தேன். "மீட்புப் படைக்கா போற?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். கயிறு கட்டி இறங்குவதற்கான பயிற்சி வேறு, இந்தப் படிப்பு வேறு.

அப்போது டிஸ்நெட் என்று அந்த நிறுவனமே நடத்திய நுழைவுத்தேர்வு, அப்புறம் நேர்காணல். எந்தப் பட்டதாரியும் எழுதலாம் என்பதால் வகுப்பில் சமூகப்பணி, புவியியல், பொறியியல் என எல்லாரும் கலந்திருந்தோம். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

2005 ஜூலை 26 மும்பை வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் வடக்கே சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை, தென்முனையில் கொலாபாவில் 75 மி.மீ. கூட இல்லை. நகரின் பழைய வடிகால்களோ மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டியவை. எனக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. சமூகப்பணி படித்த தோழி விடவில்லை: நகருக்குள் ஓடும் மித்தி ஆற்றோரம் குடியிருந்தவர்கள் யார், வேறு எங்கே வாடகை கட்டுப்படியாகும், ரேஷன் கார்டு வெள்ளத்தோடு போனால் நிவாரணம் எதைக் காட்டி வாங்குவது? பேரிடர் என்பதில் பாதி, மழைக்கு முன்பே தயாராகிவிடுகிறது என்பது அவள் கட்சி. கொஞ்ச நாளில் நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

நிவாரண முகாமுக்கு வரைபடம் போடும் பயிற்சியும் அப்படித்தான். நிவாரணப் பணிக்கான சர்வதேசத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுகள் எனக்கு மனப்பாடம்: ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. படம் கச்சிதமாக வந்தது. ஆனால் பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும், போகும் வழியில் விளக்கும் வேண்டுமே? அதுவும் அதே கையேட்டில்தான் இருக்கிறது. பொறியாளர் கண்ணுக்கு எண்கள்தான் முதலில் படும்.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஐ.நா. நாடுகள் ஏற்ற செண்டாய் கட்டமைப்பு எல்லாம் படித்தால் ஏறிவிடும். களப்பணிதான் கஷ்டம். என் இந்தியை வைத்துக்கொண்டு பேட்டி எடுக்க முடியாது; நண்பன் கூடவே வருவான். ஒரு பாட்டி, "இதையே எத்தனை பேர் கேட்டுட்டுப் போவீங்க?" என்றார். அதற்கப்புறம் கேள்வித்தாளைப் பாதியாகக் குறைத்தேன்.

சேருவதற்கு முன் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள், ஆய்வேட்டு நேரத்தில் கைகொடுக்கும். வேலை தொண்டு நிறுவனங்களிலும் மாநிலப் பேரிடர் ஆணையங்களிலும் கிடைக்கிறது. ஆனால் பல இடங்களில் ஒப்பந்தப் பணிதான். எத்தனை வருட ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் என்ன ஆகும் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.