வெல்வெட் ராஜாக்களும் மல்மல் ஜாமாவும்

2025 பிப்ரவரி 1, சனி

கினாரி பஜாரில் பாதி நாள் போய்விட்டது. தரிபா கலான் பக்கமிருந்து நுழைந்தால் சந்து முழுக்க கோட்டா, லேஸ், மணி, தலைப்பாகைக்கு வைக்கிற கல்கி, அதற்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ஸ்கூட்டர். மல்மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் ஒரு ஜாமா தைத்துக்கொண்டிருக்கிறேன், முகலாயர் காலத்தில் போட்ட, பக்கவாட்டில் முடிச்சுப் போடும் நீள அங்கி. எனக்கு வேண்டியது இரண்டு விரல் அகல ஜரிகை, அதன் மேல் இடுப்பில் கட்டும் பட்காவின் முனைக்கு. கடைக்காரர் எடுத்துப் போட்டதெல்லாம் பிளாஸ்டிக் பளபளப்பு. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. நம் ஊரில் பாட்டிகளின் கூறைப்புடவை ஜரிகையை எடை போட்டுக் காசு கொடுத்தது சும்மா இல்லை. சரித்திரப் படங்களில் முதலில் என் கண்ணை உறுத்துவது இந்தப் புது ஜரிகைதான். விளக்கு பட்டதும் வெள்ளையாகப் பளிச்சென்று அடிக்கும். கிரீடம், சிம்மாசனம் எல்லாம் சரியாக இருந்தும் ராஜா ரிசப்ஷனுக்கு வந்தவர் மாதிரி தெரிவது அதனால்தான்.

பிப்ரவரி 5, புதன்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ‘முகல்-ஏ-ஆஸம்’ மறுபடி பார்த்தேன். 1960இல் வந்த, அக்பர் அரண்மனைக் கதை சொல்லும் இந்திப் படம். உடைகளைத் தைத்தது நம் தில்லித் தையல்காரர்கள், நகை ஹைதராபாத், கிரீடம் கோலாப்பூர், செருப்பு ஆக்ரா. காலக்கணக்குப் பார்த்தால் கேள்வி கேட்க எத்தனையோ இருக்கிறது. அக்பர் காலத்து ஓவியங்களில் ஜாமாவின் கீழ் ஓரம் நான்கு, ஆறு என்று கூர் கூராகத் தொங்கும் (சக்தார் ஜாமா என்பார்கள்), ஜஹாங்கீர் காலத்துக்கு வரும்போது ஓரம் வட்டமாகிவிடுகிறது, கணுக்கால் வரை இறங்கி மார்புக்குக் கீழேயே இடுப்பு ஏறிவிடுகிற பெரிய பாவாடை ஜாமா 18ஆம் நூற்றாண்டு விஷயம். சினிமாவுக்கு இதெல்லாம் ஒன்றுதான், முகலாயர் என்றால் ஒரே குடை. ஆனாலும் இந்தப் படத்தை நான் மன்னித்துவிடுவேன், ஏனென்றால் அதில் துணிக்குக் கனம் இருக்கிறது. அக்பராக வரும் பிருத்விராஜ் கபூர் திரும்பினால் உடை அரை நொடி கழித்துத்தான் திரும்புகிறது. பாலியஸ்டரில் அது வராது.

பிப்ரவரி 8, சனி

டிவியில் தேர்தல் முடிவு ஓடிக்கொண்டிருக்க, நான் மல்மலில் ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். கையால்தான். தையல் மெஷின் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு, ஜாமாவுக்கு அது ஆகாது.

இன்று அக்குள் துண்டு வைத்தேன். இதைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும். பழைய ஜாமாவில் பெரும்பாலும் செவ்வகமும் முக்கோணமும்தான், நெய்த அகலத்தை வீணாக்காத வெட்டு. கையும் உடம்பும் சேரும் இடத்தில், அக்குளுக்குக் கீழே, உள்ளங்கை அளவு சின்னத் துண்டு ஒன்றைக் குறுக்காக வைத்துத் தைக்க வேண்டும். நாலு மூலையும் சுருங்காமல் உட்கார்ந்தால் கையை நேரே மேலே தூக்கலாம், இடுப்பு அசையாது. துண்டு வைக்காமல் ஊசியால் சேர்த்துக் குத்தி, அணிந்து பார்த்தேன். கையைத் தூக்கியதும் மொத்த ஜாமாவும் தொப்புளுக்கு மேலே. இனி எந்தச் சரித்திரப் படம் பார்த்தாலும் கதாநாயகன் வாளை ஓங்கும் காட்சியில் பாருங்கள், அங்கி முழுசும் மேலேறி பெல்ட் தனியாக நின்றால் உள்ளே இருப்பது இந்தக் காலத்துக் கோட்டின் வெட்டு, மேலே மட்டும்தான் முகலாயம். நடிகர் மீது குற்றமில்லை, பாவம், அவர் கையைத் தூக்கவே யோசிக்கிறார்.

முதுகில் ஜிப் வைப்பதை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே உடையைப் பத்துத் தடவை கழற்றி மாட்ட வேண்டும், சண்டைக்கு வருகிற டூப்புக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும். தெரியாமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

எதிர் ஃபிளாட் மாமி வந்தார். பேரனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, ராஜராஜ சோழன்.

“நீதான் தைக்கிறியேம்மா, ஒரு மெரூன் வெல்வெட் அங்கி போட்டுக் குடுத்துடேன். பின்னாடி தொங்கணும்.”

“மாமி, சோழனுக்கு ஏது வெல்வெட்? தஞ்சாவூர் பெரிய கோயில் ஓவியத்துல ராஜராஜன்னு சொல்றாங்களே, அதுல மேல சட்டையே கெடையாது. கொண்டை, நகை, அவ்வளவுதான்.”

“அதுக்காக? தில்லிக் குளிர்ல குழந்தை வெத்து உடம்போட நிக்கணுமாக்கும்!”

பதில் சொல்ல முடியவில்லை. தோல் நிறத் தெர்மலுக்கு மேலே நகை, கீழே பட்டு வேட்டியைக் கொசுவி இறுக்கிக் கட்டுவது என்று சமாதானமானோம். வெல்வெட்டை மாமி விட்ட மாதிரி தெரியவில்லை.

யோசித்தால் சினிமாவுக்கும் இதே தொல்லைதான். அந்தக் கோயில் ஓவியத்தில் ஆடும் பெண்களுக்கும் மேலாடை பெயருக்குத்தான். திரையில் அப்படிக் காட்ட முடியாது, எதையாவது போர்த்தித்தான் ஆக வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னில் உடை வடிவமைத்த ஏகா லக்கானி அந்த இடத்தைக் கொண்டையாலும் நகையாலும் சமாளித்தார், குந்தவையின் கொண்டையை விட்டு யாருக்கும் கண் இறங்கவில்லை. என் குறை வேறு. பொருநராற்றுப்படை ‘அரவுரி அன்ன அறுவை’ என்கிறது, பாம்புச் சட்டை மாதிரி மெல்லிய துணி. அவ்வளவு மெல்லிசாக நெய்த ஊர் நம்முடையது. அந்தத் துணியைத் திரையில் நான் இன்னும் பார்க்கவில்லை, பட்டு பட்டாகவே அடுக்குகிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜன்பத் நேஷனல் மியூசியம், சிற்றோவியப் பகுதி. முடிச்சு பார்க்கத்தான் போனேன். ஜாமாவை முஸ்லிம்கள் வலது அக்குள் பக்கமும் இந்துக்கள் இடது பக்கமும் கட்டிக்கொண்டார்கள். ஒரு தர்பார் ஓவியத்தில் யார் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. காவலர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னுடையதை இடது பக்கம் கட்டுவதாக முடிவு செய்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மெட்ரோவில் உடை வடிவமைப்பாளர் பானு அத்தையா ஞாபகம். ‘காந்தி’ படத்துக்காக 1983இல் ஜான் மோலோவோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கியவர், இந்தியர்களில் முதல் ஆள். மன்னர் வேஷத்துக்கு இல்லை, பெரும்பாலும் வேட்டிக்கும் சேலைக்கும் கதருக்கும் வாங்கியது. நம் சரித்திரப் படங்களில் ராணியின் ஒட்டியாணத்துக்கு மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள், படகு தள்ளுகிறவன் வேட்டி மட்டும் கடையில் பிரித்த மடிப்போடு, கஞ்சி வாசனை போகாமல், நீலம் போட்ட வெள்ளையில் இருக்கிறது. நாலு தடவை துவைத்து வெயிலில் போட்டு, முழங்கால் பக்கம் கொஞ்சம் சேறு தேய்த்தால் போதும், அதற்குச் செலவே கிடையாது.