கத்திரி வெயிலில் பிச்சாவரம்: தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு என்று மூன்று ஆறு இருந்தும், பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக உட்கார்ந்து சாவகாசமாக மிதந்துவரச் சென்னைக்குள் இடம் கிடையாது. முட்டுக்காடு படகுத்துறை பக்கத்தில்தான், ஆனால் ஏறினோம் இறங்கினோம் என்று முடிந்துவிடும். லீவுக்குச் சொந்தபந்தம், நண்பர்கள் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாள் ஒதுக்கிச் சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரம் போவதுதான் சரி. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சுமார் 1100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. உள்ளே கிளை கிளையாகப் பிரியும் வாய்க்கால்கள். இரு பக்க மரமும் தலைக்கு மேல் கூடி நிழல் கட்டும் இடங்களும் உண்டு.

தேதி குறிக்கும்போது எல்லோரும் முதலில் ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்பார்கள். பிறையைப் பாருங்கள். கோடையில் ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வரத்து நின்றுவிடும். முகத்துவாரத்திலும் மணல் சேரும். அப்போது வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது கடல் ஏறி இறங்குவதைப் பொறுத்தது. தண்ணீர் இறங்கிய வற்ற நேரத்தில் போனால் சில இடங்களில் படகின் அடி சேற்றில் தட்டும். படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டுக் கழி ஊன்றித் தள்ளுவார், குறுகலான வாய்க்காலுக்குள் போகவே முடியாமலும் போகலாம். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லித் திரும்புகிறவர்களில் பலர் தண்ணீர் இறங்கிய வேளையில் போனவர்கள்.

இதற்குத் தினசரி காலண்டரே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சென்னைக் கடற்கரையில் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் கடல் ஏற்றம் வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் கழிந்து அஷ்டமி வரும்போது அதே காலை நேரம் வற்றமாகிவிடும். கடலில் ஏறிய தண்ணீர் காட்டுக்குள் வந்து நிரம்பக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால், அமாவாசைக்கு அடுத்தடுத்த நாள்களில் காலையில் படகேறினால் வெயில், தண்ணீர் இரண்டும் ஒத்துவரும். செல்போனில் கடலூர் அல்லது நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணையையும் (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலை வேளையைப் பிடிக்க இன்னொரு காரணம் காற்று. மதியத்தை ஒட்டிக் கடற்காற்று எழும்பினால் திறந்த நீர்ப்பரப்பில் சிற்றலை அடிக்கும், துடுப்புப் படகு முன்னேறத் திணறும். மாலையில் கோடை மழைக்கு மேகம் கட்டினால் கேட்கவே வேண்டாம்: முதல் இடிச்சத்தம் காதில் விழுந்ததும் கரைக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

காரில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி, கடலூர் தாண்டிச் சுமார் 235 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். காலை ஒன்பதுக்குப் படகேற வேண்டுமானால் விடியற்காலை மூன்றரைக்குள் கிளம்ப வேண்டும். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் முந்தின நாளே சிதம்பரம் போய் லாட்ஜில் தங்குவது எவ்வளவோ மேல். அங்கிருந்து கிள்ளை வழியாக அரை மணி நேரம்தான். ரயில் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். விழுப்புரத்தில் பாதை பிரிகிறது. மயிலாடுதுறை வழியாகப் போகும் மெயின் லைன் வண்டிதான் சிதம்பரத்தில் நிற்கும். விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் வண்டியில் டிக்கெட் போட்டுவிட்டால் சிதம்பரம் வராது.

படகுத்துறையை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. மோட்டார் படகு வேகமாகச் சுற்றிக் காட்டும், ஆனால் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையாது. காட்டின் அழகெல்லாம் அங்கேதான் என்பதால் துடுப்புப் படகுதான் எங்கள் சிபாரிசு. சீட்டு வாங்கும்போதே எவ்வளவு நேரம், எந்தத் தடம், குறுகலான வாய்க்கால் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் ஒரு மணி நேரம் போதும், மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம். தண்ணீரின் நடுவே கழிவறை கிடையாது. ஏறுவதற்கு முன்பே எல்லோரும் போய்வர வேண்டும்.

பன்னிரண்டு பேரை மூன்று படகில், படகுக்கு நால்வராகப் பிரியுங்கள். பிள்ளைகளை எல்லாம் ஒரே படகில் ஏற்றாதீர்கள். கூச்சலும் எழுந்து நிற்பதும் அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு படகிலும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருக்கட்டும். கனமானவர்கள் நடுப்பலகையில் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் படகுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு படகின் நடுவில் கால் வைத்து இறங்க வேண்டும். விளிம்பை மிதித்தால் படகு ஒருக்களித்துவிடும். தண்ணீர் ஏறியிருக்கும் வேளையில் துறைக்கும் படகுக்கும் உயர வித்தியாசம் குறைவு என்பதால் பெரியவர்களுக்கு ஏறி இறங்கவும் சிரமம் இருக்காது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். சிரித்துக்கொண்டே படகேறிய குடும்பங்கள். ஜாக்கெட்டை மாட்டி, கொக்கிகளை எல்லாம் போட்டு, வார்களை இழுத்த பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கு மேலே ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், குழந்தை கீழே நழுவும். குழந்தை அளவு வேண்டும் என்று முந்தின நாளே போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

வாய்க்காலுக்குள் நுழைந்ததும் கைகள் படகுக்கு உள்ளேயே இருக்கட்டும். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு போலக் கிழிக்கும். சுரபுன்னை மரம் வளைந்த வேர்களை ஊன்றித் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வெண்கண்டல் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை நீட்டியிருக்கும். படகு நின்றிருக்கும்போது வெண்கண்டல் இலையை விரலால் தடவி நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். வேர் வழியாக ஏறும் உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள். ஆனால் படகுக்காரரிடம் மரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் எந்த இலையையும் தொட விடாதீர்கள். இதே காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். ஒடித்தால் வடியும் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிசாதம். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், இந்த வெயிலில் பத்து மணிக்கே ஊசிவிடும். தயிர்சாதம் புளிக்காமல் இருக்க, ஒரு டம்ளர் அரிசியை நன்றாகக் குழைய வடித்து, காய்ச்சி ஆறவைத்த பால் இரண்டு டம்ளர், தயிர் இரண்டே ஸ்பூன் விட்டுப் பிசையுங்கள். மதியத்துக்குள் பக்குவமாகத் தோய்ந்திருக்கும். இதையெல்லாம் கரையில் வைத்துச் சாப்பிடுங்கள். படகில் தண்ணீர் மட்டும், ஆளுக்கு ஒரு லிட்டர். நாள் முழுக்க ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கு. முந்தின இரவே நாலைந்து பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் அதுவே ஐஸுக்கும் ஆகும், குடிக்கவும் ஆகும்.

வெயில் மேலிருந்து அடிப்பதோடு தண்ணீரில் பட்டும் முகத்தில் அடிக்கும். குடை விரித்தால் காற்று பிடித்துப் படகை இழுக்கும். முகவாயில் கட்டும் தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் நனைத்த துண்டு இருந்தால் போதும். செல்போனை ஜிப் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள்.

கரையேறியதும் சிதம்பரம் கோயிலுக்குப் போக நினைத்தால், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பு. ஞாயிறு மாலை ஈசிஆரில் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் வண்டி நகராது. ஒன்று மூன்று மணிக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். காரில் ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் இருக்கட்டும். உப்புத்தண்ணீர் பட்ட கால், செருப்பு எல்லாவற்றையும் அங்கேயே கழுவிவிட்டு ஏறினால் வழியெல்லாம் அரிப்பு இருக்காது.