பொடியில் ஒளிர்வு ஆயுள் அளந்த கதை

கரைசலில் ஒளிர்வு ஆயுளை, அதாவது ஒளி பட்டபின் மூலக்கூறு எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதை, அளப்பது எங்கள் ஆய்வகத்தில் பழகிய வேலை. திடநிலையில் என்றதும் ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். வேலை என் தலையில் விழுந்தது.

மூலக்கூறு எச்பிடி, அதாவது ஹைட்ராக்சிஃபீனைல் பென்சோதயசோல். ஈனால் என்ற வடிவில் புறஊதா ஒளியை வாங்கியதும், ஆக்சிஜனிடம் இருந்த புரோட்டான் பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவி, மூலக்கூறு கீட்டோ என்ற வேறு வடிவுக்கு மாறிவிடும். அதனால் வெளியே வருவது 520 நானோமீட்டர் பக்கம் பச்சை ஒளி. மீதைல் சாலிசிலேட்டில், வாங்கும் ஒளிக்கும் விடும் ஒளிக்கும் நடுவே இப்படி ஒரு பெரிய அலைநீள இடைவெளியைப் பார்த்து, புரோட்டான் தாவல்தான் காரணம் என்று 1950களில் சொன்னவர் ஆல்பர்ட் வெல்லர். ஊட்டியில் மூட்டுவலிக்கு வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்தின் முக்கியச் சரக்கும் அதே சாலிசிலேட்தான்.

தாவல் ஃபெம்டோவினாடிக் கணக்கில் (ஒரு நானோவினாடியில் பத்து லட்சம் ஃபெம்டோவினாடிகள்) முடிந்துவிடும். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் எங்கள் கருவிக்கு அது எட்டாது; கீட்டோ தணிவதை மட்டும் பார்க்கலாம். சைக்ளோஹெக்சேன் என்ற கரைப்பானில் கீட்டோ முறுக்கிக்கொண்டு, ஒளி விடாமலே இறங்கிவிடுகிறது. ஆயுள் சில நூறு பிக்கோவினாடிதான், ஒரு நானோவினாடிகூட இல்லை. பொடியில் முறுக்க இடமில்லை. ஆயுள் நானோவினாடிகளுக்கு நீளும், பிரகாசம் கண்ணுக்கே தெரியும்.

தொல்லை சிதறல்தான். 375 நானோமீட்டர் லேசர் பொடியில் பட்டு நாலாபக்கமும் தெறிக்கிறது. ஒளி நேரத்தோடு குறைவதைக் காட்டும் தணிவு வளைவின் தொடக்கத்தில் கூர்மையான ஒரு முள் நிற்கும். மென்பொருள் அதையும் ஒரு ‘வேகமான கூறு’ என்று சொல்லி அழகாகப் பொருத்திக் கொடுக்கும், பொருத்தம் எவ்வளவு நல்லது என்று காட்டும் கை-ஸ்கொயரும், நல்ல பொருத்தத்துக்கு வர வேண்டிய ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த எண்ணை நம்பி ஒரு கதை எழுதுவது ரொம்ப சுலபம்.

சாம்பிளைச் சாய்த்து, லேசரின் நேர்ப் பிரதிபலிப்பு டிடெக்டருக்குள் போகாமல் வைத்தேன். 420 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போட்டேன். அப்புறம் எச்பிடி கலக்காத வெறும் அக்ரிலிக் படலத்தை அதே அமைப்பில் ஓட்டினேன். அதிலும் முள் வந்தால் அது மூலக்கூறுடையது இல்லை. ஃபோட்டான் எண்ணிக்கை வேகத்தை லேசர் பல்ஸ் வேகத்தில் 1 சதவீதத்துக்குள் வைத்தேன். கூடினால் முதலில் வரும் ஃபோட்டான்களே பதிவாகி, ஆயுள் குறைவாகக் காட்டும்.

உதவியது அலைநீளத்தை மாற்றிப் பார்த்ததுதான். சிவப்புப் பக்கம் நகர நகர முள் சுருங்கியது, நீண்ட கூறு அசையவில்லை. எச்பிடி கலந்த அக்ரிலிக் படலத்துக்கு அந்த ஒரு கூறே போதுமாக இருந்தது. பொடிக்கு இரண்டு வேண்டியிருந்தது. இரண்டாவது கூறுக்குப் படிகக் குறைபாடா, பக்கத்து மூலக்கூறுகளின் தாக்கமா என்று அறிக்கையில் நான் பெயர் வைக்கவில்லை. எல்லா அலைநீளத்து வளைவுகளையும் எச்சங்களோடு, அதாவது அளவுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள வித்தியாசங்களோடு, பின்னிணைப்பில் போட்டுவிட்டேன்.